14 வயது முழங்கால் வலி: ஓய்வா, ஆட்டமா?

கேள்வி இதுதான்: "மகனுக்கு 14 வயது. பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறான். மூன்று மாதமாக முழங்காலுக்குக் கீழே வலி. 'வளரும் வயசு, அப்படித்தான் இருக்கும், ஆடு' என்கிறார் கோச். டாக்டர் ஆறு வாரம் முழு ஓய்வு என்றார். ஓய்வெடுத்துவிட்டு மறுபடி ஆடிய முதல் நாளே வலி திரும்பிவிட்டது. யார் பேச்சைக் கேட்பது? பொதுவாக இந்த வயதில் அடிபட்டால் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?"

இருவர் சொன்னதிலும் பாதி சரி. வளரும் வயதுக்கும் இந்த வலிக்கும் சம்பந்தம் உண்டு. ஆட்டத்தைக் குறைக்காமல் இது தணியாது என்பதும் உண்மை. இருவருமே விட்டுவிட்டது, ஓய்வுக்கும் முழு ஆட்டத்துக்கும் நடுவே இருக்கிற பத்துப் பன்னிரண்டு வாரங்களை. நான் பிசியோதெரபிஸ்ட், பெரும்பாலும் பள்ளி வயது விளையாட்டுப் பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன். இந்த வயதுக் காயங்கள் கெட்டுப்போவது அனேகமாக அந்த நடுப்பகுதியில்தான். உங்கள் மகனை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து ஊகிக்கலாம்.

இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, "எங்கே வலிக்கிறது, ஒரே விரலால் காட்டு" என்று சொல்லுங்கள். உள்ளங்கையால் முழங்காலைச் சுற்றித் தடவிக் காட்டினால் ஒரு அர்த்தம். விரல் தயங்காமல் முட்டிச்சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உச்சியில் உள்ள மேட்டில் போய் நின்றால் வேறு அர்த்தம். அந்த மேடு மற்ற காலைவிடத் துருத்திக்கொண்டிருக்கும், அழுத்தினால் முகம் சுளிப்பான். மண்டியிட்டால், படி இறங்கினால், குதித்தால், பந்தை ஓங்கி உதைத்தால் வலிக்கும். சும்மா படுத்திருந்தால் வலிக்காது. இப்படியென்றால் அனேகமாக அது ஆஸ்குட்-ஷ்லாட்டர். அமெரிக்காவில் ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தில் கார்ல் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் 1903-ல் தனித்தனியே விவரித்ததால் இந்தப் பெயர். பெயர்தான் மிரட்டும், நோய் அவ்வளவு மோசமில்லை.

இது ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றக் காயங்களும் பாதி புரிந்துவிடும். வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு ஒன்று இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 13 முதல் 15 வயதுக்குள்ளும் பையன்களுக்கு 15 முதல் 17 வயதுக்குள்ளும் பெரும்பாலான தட்டுகள் எலும்பாக இறுகி மூடிக்கொள்ளும். பெரிய தசைநாண்கள் எலும்பைப் பற்றியிருக்கும் இடங்களிலும், அதாவது முட்டிக்குக் கீழே, குதிகாலின் பின்னால், இடுப்பெலும்பின் ஓரங்களில், அதுவரை குருத்தெலும்புதான். பெரியவர் கால் மடங்கி விழுந்தால், எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நாரான லிகமென்ட் கிழியும். அங்கே இருப்பதில் அதுதான் பலவீனமானது. 13 வயதுப் பிள்ளைக்கு லிகமென்ட்டைவிடப் பலவீனமான ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அதே மாதிரி விழுந்தால் அந்தத் தட்டு பிளக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வீக்கம்.

அப்புறம் வளர்ச்சி வேகம். பெண்பிள்ளைகளுக்கு 12 வயது வாக்கிலும் பையன்களுக்கு 14 வாக்கிலும் உயரம் சட்டென ஏறும். அந்த உச்சத்தில் ஒரு பையன் ஒரே வருடத்தில் 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்வான். எலும்பு முன்னே ஓட, தசை பின்னால் இழுபடும். தொடைத் தசை இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி விறைத்து, ஒவ்வொரு உதையிலும் அந்தக் குருத்தெலும்பு மேட்டைப் பிடுங்கும். ஒருமுறை பிடுங்கினால் ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நூறு தடவை என்றால் புண்ணாகத்தானே செய்யும்?

சரி, ஆறு வார ஓய்வு ஏன் பலிக்கவில்லை? ஓய்வில் வலி அடங்கியது. கூடவே தொடைத் தசையும் இளைத்தது. இளைத்த தசையோடு முதல் நாளே முழு ஆட்டம் ஆடினான். ஓய்வு புண்ணை ஆற்றும், ஆனால் ஓட்டத்தையும் குதிப்பையும் தாங்குகிற பலத்தைத் தராது. அதைப் படிப்படியாகச் சுமை ஏற்றித்தான் வாங்க வேண்டும்.

நான் செய்யும் வழி இப்படி. முதல் மூன்று நான்கு வாரம் குதித்தல், வேக ஓட்டம், ஓங்கி உதைத்தல் மூன்றும் கிடையாது. நடக்கலாம்; வலி வராவிட்டால் சைக்கிள், நீச்சல் இரண்டும் செய்யலாம். அந்த நாட்களிலேயே அசையாத பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்: சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியை அரைகுறையாக மடித்து, நாற்காலியில் உட்கார்ந்த பாவனையில் 30 விநாடி நிற்பது. ஐந்து முறை, தினமும். அது எளிதானதும் உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கி இடுப்பை உயர்த்துவது, படி ஏறி இறங்குவது. அதற்குப் பிறகு மெதுவோட்டம், பிறகு பந்தோடு ஓட்டம், பிறகு பாதிப் பயிற்சி, கடைசியில்தான் போட்டி. அடுத்த படிக்குப் போகலாமா என்பதை நாள்காட்டி பார்த்து முடிவுசெய்ய வேண்டாம், வலியைக் கேளுங்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போடச் சொல்லுங்கள். ஆடும்போது 3 வரை இருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் அது பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஒரு படி கீழே. நொண்டினால் அன்று ஆட்டம் முடிந்தது.

டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் இதே பாணியில் 12 வாரத் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். பெரும்பாலானோருக்கு நல்ல முன்னேற்றம். ஆனால் 12 வார முடிவில் விளையாட்டுக்கு முழுதாகத் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் திரும்பியிருந்தார்கள். பெற்றோரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன், பிறகு ஏமாற்றம் இருக்காது. வளர்ச்சித் தட்டு மூடியதும் வலி பெரும்பாலும் தானே போய்விடும், மேடு மட்டும் வாழ்நாள் முழுக்க இருக்கலாம். முட்டிக்குக் கீழே கட்டும் பட்டை சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை, முயன்று பாருங்கள். அந்த மேட்டில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். போட்டிக்கு முன்னால் வலி மாத்திரை போட்டு ஆடுவதும் வேண்டாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வதற்கு அவனிடம் இருப்பது அந்த வலி ஒன்றுதான், அதையும் வாயடைத்துவிடக் கூடாது.

இதே கதை குதிகாலில் நடந்தால் அதற்கு சீவர் என்று பெயர். 8 முதல் 14 வயதுக்குள் வரும். குதிகாலை இரு பக்கமும் விரல்களால் அமுக்கினால் துள்ளுவார்கள். ஷூவுக்குள் குதிகால் மெத்தை, ஆட்டக் குறைப்பு, கெண்டைச் சதைப் பயிற்சி. அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை.

கணுக்கால் பிசகு அப்படி விட்டுவிடக் கூடியதல்ல. 12 வயதுக் கூடைப்பந்துப் பெண் ஒருத்தி, "சுளுக்குதான்" என்று பத்து நாள் எண்ணெய் போட்டு உருவிவிடப்பட்ட காலோடு என்னிடம் வந்தாள். ஒரு விரலால் காட்டச் சொன்னேன். லிகமென்ட் இருக்கிற இடம் வெளிக்கணுவின் முன்புறம், சற்றுக் கீழே. அவள் விரல் போனது கணு எலும்பின் மேலேயே, நுனியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில். சரியாக வளர்ச்சித் தட்டு இருக்கும் இடம். முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்றுதான் வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். 1963-ல் சால்ட்டர், ஹாரிஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்தத் தட்டு முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அதில் முதல் வகை, எலும்பு விலகியிருக்காவிட்டால் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் எலும்பின் மேலேயே அழுத்தினால் வலிக்கிறது என்றால், கட்டுப்போட்டுக் காப்பாற்றி, பத்துப் பதினைந்து நாளில் திரும்பப் பார்க்க வேண்டும். அவளுக்கு நல்லவேளை, சரியாக ஆறியது.

எல்லாப் பிசகுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதுமில்லை. 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. அடிபட்டதும் நான்கு அடி நடக்க முடியவில்லை, மருத்துவரிடம் வந்த பிறகும் முடியவில்லை. அல்லது இரு கணு எலும்புகளின் பின்னோரத்தில், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலி. இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே. பாதத்தின் வெளிவிளிம்பின் நடுவில் துருத்தும் எலும்பையும் உள்பக்கம் வளைவின் மேலே இருக்கும் எலும்பையும் அதேபோல் அழுத்திப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் என்ன செய்வது என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை. ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-ல் பிரபலமாக்கியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பிற்காலத்தில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். என் நடைமுறை இது: வலி அதிகமென்றால் துணி சுற்றிய ஐஸ் 10–15 நிமிடம், சில மணி நேர இடைவெளியில், முதல் நாள் இரண்டாம் நாள் மட்டும். மிதமான இறுக்கத்தில் எலாஸ்டிக் கட்டு. கால் இதயத்தைவிட உயரத்தில். சூடு, அழுத்தித் தேய்ப்பது, உருவுவது இவை கூடவே கூடாது. உள்ளே கசிவு கூடும், முறிவு இருந்தால் விலகும். மூன்றாம் நாளிலிருந்து, முறிவு இல்லை என்று உறுதியானால், தாங்கும் அளவுக்கு நடக்கவிடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அளவு எடையைப் பொறுத்தது. 16 வயதுக்குள் ஆஸ்பிரின் தராதீர்கள்; அரிதாக மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டீர்கள். என் பட்டியலில் முதலிடம் பலரும் எதிர்பார்க்காத ஒன்றுக்கு. சற்றுப் பருமனான 13 வயதுப் பையன், இரண்டு மாதமாக முழங்கால் வலி, லேசான நொண்டல். முழங்கால் எக்ஸ்ரே சுத்தம். ஒரு விரலால் காட்டச் சொன்னபோது அவனால் முடியவில்லை. தொடையின் முன்புறம் முழுக்கக் கையை ஓட்டினான். மல்லாக்கப் படுக்கவைத்துத் தொடையை மெதுவாக வயிற்றுப் பக்கம் மடக்கினேன். கால் நேராக வராமல் தானாகவே வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. கோளாறு முழங்காலில் இல்லை, இடுப்பு மூட்டில். தொடை எலும்பின் தலை அதன் வளர்ச்சித் தட்டிலிருந்து சறுக்கியிருந்தது. வலியை மட்டும் நரம்பு முழங்காலுக்குக் கடத்தியிருக்கிறது. அதன் பிறகு அவனை ஒரு அடிகூட நடக்கவிடவில்லை. சக்கர நாற்காலியில் நேரே எலும்பு மருத்துவரிடம், அங்கே ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார்கள். இன்னும் சில வாரம் அலட்சியமாக இருந்திருந்தால் மூட்டே கெட்டிருக்கும். 10 முதல் 16 வயதுப் பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டி வந்தால் இடுப்பு மூட்டைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. உங்கள் மகனுக்கும் இதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது கீழ்முதுகு. பெரியவர்களுக்கு முதுகுவலி என்றால் பாதி நேரம் தசைப்பிடிப்பு. வேகப்பந்து வீசும், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் 15 வயதுப் பிள்ளைக்கு அப்படி நினைத்துவிடக் கூடாது. முதுகைப் பின்னோக்கி வளைத்து முறுக்கி முறுக்கி, முதுகெலும்பின் பின்வளைவில் மயிரிழை விரிசல் விழும், பெரும்பாலும் கடைசி இடுப்பு முள்ளெலும்பில். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொன்னால் ஒரு பக்கம் சுரீர் என்கும். எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். சீக்கிரம் கண்டுபிடித்து மூன்று மாதம் போல அந்த விளையாட்டிலிருந்து விலக்கிவைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு ஆடவிடாதீர்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுவாரியாக ஓவர் வரம்பு வைத்திருப்பதற்கு இந்த விரிசலும் ஒரு காரணம்.

கணைக்கால் வலிக்கும் ஒரு விரல் சோதனைதான். எலும்பின் உள்ளோரம் நெடுக ஒரு சாண் வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தாலே அடங்கும். ஒரு நாணய அளவு இடத்தில் மட்டும், ஒற்றைக் காலில் குதித்தால் உயிர் போகிற மாதிரி வலித்தால் அழுத்த முறிவு, அதாவது திரும்பத் திரும்ப ஓடியதில் எலும்பில் விழுந்த விரிசல், என்று சந்தேகிக்க வேண்டும். முழங்காலில் 'டப்' என்று கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கினால் ஏசிஎல் என்ற முழங்காலின் உள் லிகமென்ட் கிழிந்திருக்கலாம்; யாரும் இடிக்காமலே, திரும்பும்போது நடக்கும், பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக. அதில் அறுவை சிகிச்சை செய்தாலும் 9 மாதத்துக்கு முன் களமிறங்கக் கூடாது. ஆட்டத்தோடு சம்பந்தமே இல்லாமல் ராத்திரியில் தூக்கத்தைக் கலைக்கும் எலும்பு வலி, குறையாத வீக்கம், காய்ச்சல், எடை குறைவு என்றால் விளையாட்டுக் காயம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். எலும்புக் கட்டிகள் இந்த வயதில், முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் வருகின்றன. அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது.

தலையில் அடி. இதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று இன்னும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. மந்தமாகப் பார்ப்பான், ஸ்கோர் என்ன என்று மறுபடி மறுபடி கேட்பான், எந்தப் பக்கம் கோல் போட வேண்டும் என்று தடுமாறுவான். சந்தேகம் வந்தாலே வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கவே கூடாது. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்து உயிர் போயிருக்கிறது, அதுவும் இளவயதினருக்கே. வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு, கைகால் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தாலோ அவசரப் பிரிவு. மற்றபடி முதல் ஒன்றிரண்டு நாள் மிதமான ஓய்வு, போனும் திரையும் குறைவாக. இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைக்கும் பழைய வழக்கம் போய்விட்டது. லேசான நடை நல்லது. முதலில் பள்ளிப் படிப்பு முழுதாகச் சரியாக வேண்டும், பிறகுதான் விளையாட்டு. அதுவும் ஆறு படிகளாக, படிக்குக் குறைந்தது 24 மணி நேரம், கடைசிப் படிகளுக்கு மருத்துவர் அனுமதியோடு. பிள்ளைகளுக்கு ஆற நான்கு வாரம்கூட ஆகலாம்.

தடுப்பது பற்றியும் கொஞ்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரம் குறித்துவையுங்கள். கோடு வேகமாக ஏறும் காலத்தில் குதிப்பையும் ஓட்டத்தையும் குறைப்பது புத்திசாலித்தனம். வாரத்தில் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது நல்ல கணக்கு. 14 வயதென்றால் 14 மணி நேரம், பள்ளி அணி, கிளப் எல்லாம் சேர்த்து. வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை. தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய இளம் வீரர்களுக்குக் காயம் 1.7 மடங்கு என்று ஒரு அமெரிக்க ஆய்வு 2014-ல் சொன்னது. பெண்பிள்ளைக்கு மூன்று மாதமாக மாதவிடாய் நின்றிருந்தால் "பயிற்சி அதிகம், அதான்" என்று விடாதீர்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், அடுத்து எலும்பில் விரிசல் வரும். எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது வெறும் பயம். முறையாகச் சொல்லிக்கொடுத்துச் செய்தால் அது காயத்தைக் குறைக்கும். கால்பந்துக்கென்றே 20 நிமிட உடல்சூடேற்றும் பயிற்சி ஒன்று உண்டு, ஃபிஃபா 11+ என்று பெயர். நார்வேயில் 13–17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். கடுமையான காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. உங்கள் கோச்சுக்கு இது தெரிந்திருக்கும், செய்கிறார்களா என்பதுதான் கேள்வி.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். இடுப்பு மூட்டைப் பார்த்து அது சரியாக இருக்கிறது என்றானதும் சுவர்ப் பயிற்சியைத் தொடங்குங்கள். கோச்சிடம் வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: நான்கு வாரம் குதிப்பு இல்லை, வேக ஓட்டம் இல்லை, ஓங்கி உதைப்பது இல்லை, நின்ற இடத்தில் பாஸ், பந்துக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி எல்லாம் உண்டு. பயிற்சிக்கு அனுப்பாமல் வீட்டில் உட்காரவைக்காதீர்கள். அணியிலிருந்து பிரித்துவைத்த பையன் மூன்றாம் வாரமே "வலியே இல்லை" என்று பொய் சொல்லித் திரும்பிவிடுவான். நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். கோல்கீப்பருக்குக் கையால் பந்து உருட்டிப் போடும் வேலையாவது கொடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பூஜ்யம்-பத்து மார்க்கைத் தினமும் காலையில் அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். நான்கு வாரத்துக்குப் பிறகும் அது 3-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.